கணினித் தொழிலிற் கொந்தராத்துக் கூலி

அதிகாலை வேளையிற் பட்டினத்துச் சந்திகளிலே மேசன்மாரும் தச்சரும் கையாட்களும் தத்தம் ஆயுதப் பைகளோடு கூடி நிற்பதை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். வீட்டு வேலை செய்விக்க விரும்புபவர் அங்கு வந்து கூலி பேசுவார். அந்தப் பேச்சு இரு வகையாக நடைபெறும். ஒன்று நாட்கூலி, மற்றையது கொந்தராத்து. போர்த்துக்கேயர் இந்நாட்டிலே விட்டுச் சென்ற சொற்களுள் கொந்தராத்து என்பதும் ஒன்று. அவர்களுடைய கோட்டைகள் பல இடிந்து போயின. இச்சொல் மாத்திரம் இன்றும் உறுதியாக நிற்கின்றது. நாட்கூலிக்குச் செல்லும் மேசன், சீமெந்து வந்து சேர மத்தியானம் ஆனாலும் அன்றைய கூலியைப் பெறுவார். கொந்தராத்துக்கு உடன்பட்டவரோ, நிலம் இளகியிருந்து அத்திவாரத்தை மேலும் இரண்டடி ஆழமாக்க நேர்ந்தாலும், முதலிற் பேசிய தொகைக்கே சுவரை எழுப்பிக் கொடுத்தல் வேண்டும். எதிர்பாராத இடையூற்றின் பாரம் எவர் தலையில் விழுகின்றது என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

புதிய தொழில்களுள் ஒன்றாகிய மென்பொருள் ஆக்கத்திலும் இதே வேறுபாடு உண்டு. கம்பனி ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து கணினிக்கு வேண்டிய நிரல்களை எழுதுவோர் ஒரு வகையினர். எவருக்கும் ஊழியராகாமல், தம் வீட்டிலிருந்தபடியே, உலகின் எந்த மூலையிலிருந்தும் வரும் வேலையை ஏற்று முடித்துக் கொடுப்போர் மற்றொரு வகையினர். இளைஞர்கள் ‘பிறீலான்ஸ்’ என்று வழங்கும் தொழில் இதுவே. சுயாதீனப் பத்திரிகையாளர் என்று சொல்வதைப் போல, இவர்களைச் சுயாதீன மென்பொருளாளர் எனலாம். மகனோ மகளோ வீட்டிலிருந்தே டொலரிற் சம்பாதிப்பதாகப் பெற்றோர் அயலவரிடம் பெருமையோடு கூறுவது இப்பொழுது அருமையான செய்தியன்று. ஆனால் அந்த டொலர் எத்தனை, அதற்காகக் கழிந்த மணி எத்தனை என்று கேட்பவர் சிலரே. ஒரு கடைக்கு வேண்டிய முழு இணையத்தளத்துக்கும் 50 டொலர் என்று குறிப்பதும், தேர்ச்சி பெற்றவரிடம் மணிக்கு 4 அல்லது 5 டொலருக்கு உடன்படுமாறு கேட்பதும் இந்தச் சந்தையின் அன்றாடக் காட்சிகளாகும்.

இச்சந்தையின் வரலாறு நீண்டதன்று. 1998 ஆம் ஆண்டில் ‘ஹாவார்ட் பிஸினஸ் றிவ்யூ’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையிலே தோமஸ் மலோன், றொபேட் லௌபாக்கர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெருங் கம்பனிகள் செய்துவந்த காரியங்களை, மின்னிணைப்பினால் ஒன்றுகூடி, வேலை முடிந்ததும் பிரிந்து செல்லும் சுயாதீனத் தொழிலாளர் செய்யும் காலம் உதயமாகின்றது என்பது அதன் கருத்து. அக்கட்டுரை வழங்கிய சொல்லையே பெயராகக் கொண்டு ‘ஈலான்ஸ்’ என்னும் நிறுவனம் அக்காலத்திலே தோன்றியது. 2001 இல் ‘றென்ட் ஏ கோடர்’ என்பது தொடங்கியது. நிரல் எழுதுபவரை வாடகைக்கு எடுங்கள் என்பது அதன் பொருள். வாடகைக்கு எடுக்கப்படும் பொருளாகத் தம்மை அழைக்கும் கடையிலே நிரலாளர்கள் வரிசையில் நின்றார்கள் என்பது சற்று வருந்தத்தக்கதே. 2003 இல் ‘ஓடெஸ்க்’ வந்தது. கிரேக்க நாட்டில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவருமாக இருந்த இரு நண்பர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து வேலை செய்ய வழி தேடியதன் விளைவு அது. ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைவதென 2013 ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 2015 இல் அவை ‘அப்வேர்க்’ என்னும் பெயரைப் பெற்றன. சிட்னி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிறீலான்சர்’ நிறுவனம் 2009 இல் உருவாகிப் பல சிறிய சந்தைகளை விலைக்கு வாங்கிப் பெருகியது.

இவற்றின் நடைமுறை சந்திப் பேச்சிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. வேலை வேண்டுவோர் தமக்குத் தேவையானதை விளம்பரம் செய்வர். செய்ய விரும்புவோர் தத்தம் விலைமனுவை அனுப்புவர். சந்தியில் நிற்கும் மேசன் தம்மோடு போட்டியிடுவோரின் முகங்களைக் காண்கிறார். அவர்களுக்கும் அரிசி விலை இன்னதுதான் என்பதை அறிவார். அறிந்தபடியால் ஒரு வரம்புக்குக் கீழே எவரும் இறங்கமாட்டார் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. இணையச் சந்தையிலோ டாக்காவிலும் லாகூரிலும் நைரோபியிலும் கீவ் நகரிலும் உள்ளோர் ஒரே விளம்பரத்தின் கீழ் மனுச் செய்கின்றனர். ஒருவருடைய வீட்டு வாடகை இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாருடைய விலையும் ஒரே நிரலிலே, ஒரே நாணயத்திலே, வாங்குபவரின் கண்முன் நிற்கின்றது.

கூலி தாழ்ந்தது என்னும்போது எதனோடு ஒப்பிட்டுத் தாழ்ந்தது என்ற வினா எழும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மணிக்கு 8 டொலர் எனப் பேசிக்கொண்ட ஒருவர், மணிக்கு 8 டொலர் சம்பளம் பெறும் ஊழியருக்குத் தம்மைச் சமமாக எண்ணிக்கொள்வார். உண்மை அவ்வாறன்று. ஓர் உத்தேசக் கணக்கைப் பார்க்கலாம்.

வாரத்துக்கு 40 மணியாக 52 வாரத்துக்கு 2080 மணி. விடுமுறை, நோய், பண்டிகை ஆகியவற்றுக்கு ஆறு வாரங்கள் கழிந்தால் 1840 மணி எஞ்சும். எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு கூலி இல்லாத வேலையிற் செல்லும். வேலை தேடுவது, மனு எழுதுவது, வாங்குபவரின் கேள்விகளுக்கு விடை அனுப்புவது, கணக்கு வைப்பது, முடித்த வேலையில் “ஒரு சிறு திருத்தம்” என்று கேட்கப்படுவதைச் செய்து கொடுப்பது ஆகிய யாவும் அந்த மூன்றில் ஒரு பங்கினுள் அடங்கும். ஆகவே கூலி கிடைக்கும் மணி ஏறத்தாழ 1200. மணிக்கு 8 டொலராக 9600 டொலர் வரும். சந்தை நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுமானால் 8640 எஞ்சும். மடிக்கணினியின் தேய்மானம், மின்சாரம், இணைய இணைப்பு, வங்கியும் பணமாற்று நிறுவனமும் அறவிடும் தொகை ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1000 டொலர் எனக் கொண்டால் 7640 ஆகும்.

இனி, சம்பள ஊழியருக்குச் சம்பளத்துக்கு மேலாகத் தொழில்தருநர் கொடுப்பவற்றையும் கருத வேண்டும். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் பங்கு நூற்றுக்கு 12. 1980 இல் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3. இந்த 15 பங்கையும் சுயாதீனத் தொழிலாளர் தாமே ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்கிய பின் எஞ்சுவது 6640 டொலருக்குச் சிறிது மேல். இதனை ஊழியர் ஒருவரின் 2080 மணியாற் பிரித்தால் மணிக்கு 3 டொலரும் 19 சதமும் வருகின்றது. பேசியது எட்டு, சேர்ந்தது மூன்று. இதில் 1983 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பணிக்கொடை சேர்க்கப்படவில்லை. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வழங்கும் சம்பளத்துடன் கூடிய லீவு இவருக்கு இல்லாதபடியாலேயே அந்த ஆறு வாரமும் கூலியின்றிக் கழிந்தன.

கணக்கை மறுபுறமாகத் திருப்பியும் போடலாம். மணிக்கு 8 டொலர் சம்பளம் பெறும் ஊழியரின் நிலைக்குச் சமமாக வாழ விரும்பும் சுயாதீன மென்பொருளாளர் எவ்வளவு கேட்டல் வேண்டும்? மேற்கூறிய அதே அளவுகளை வைத்துப் பார்த்தால் 18 டொலர் 64 சதம் வரும். அதாவது இரு மடங்குக்கும் மேல். இதைக் கேட்கும்போது பேராசை போலத் தோன்றுகிறது. வாங்குபவருக்கு மாத்திரமன்று, கேட்கும் இளைஞருக்கே அப்படித் தோன்றுகிறது என்பதுதான் விபரீதம்.

சந்தை நிறுவனங்களின் கழிவும் ஒரே சீராக இருந்ததில்லை. 2016 இல் அப்வேர்க் நிறுவனம் ஒவ்வொரு வாங்குநரிடமிருந்தும் கிடைக்கும் முதல் 500 டொலருக்கு நூற்றுக்கு 20 எனவும், தொகை பெருகப் பெருக 10 எனவும் 5 எனவும் விதித்தது. சிறு சிறு வேலைகளைப் பலரிடம் பெறும் புதியவரே மிகக் கூடிய வீதத்தைக் கொடுத்தார். 2023 இல் யாவருக்கும் 10 என்று ஆயிற்று. 2025 இல் வேலைக்கேற்ப மாறுபடும் வீதம் புகுந்தது. மனுச் செய்வதற்கே காசு கொடுத்து அனுமதிச் சீட்டுகள் வாங்கும் முறையும் 2019 முதல் நடைமுறையில் உண்டு. மணிக்கணக்கு வேலையிலே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொழிலாளரின் கணினித் திரையைப் படம் பிடித்து வாங்குநருக்குக் காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. ஊழியருக்குரிய உரிமைகள் இல்லை. ஊழியருக்குரிய கண்காணிப்பு மாத்திரம் உண்டு.

விலை ஏன் இவ்வாறு இறங்குகிறது? வாங்குநர்கள் ஈரமற்றவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 50 டொலருக்கு இணையத்தளம் கேட்பவர் பெரும்பாலும் கோடீசுவரர் அல்லர். ஏதோ ஒரு சிற்றூரிலே பூக்கடையோ தையற்கடையோ நடத்தும் ஒருவராக அவர் இருக்கலாம். இணையத்தளம் என்பது எத்தனை மணிநேர வேலை என்பதை அறியாமலே அவர் அந்த விலையைக் குறிக்கிறார். காரணம் அவருடைய குணத்தில் இல்லை. சந்தையின் அமைப்பில் இருக்கிறது.

ஜோர்ஜ் அகலொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதனை விளக்கப் பெரிதும் உதவும். பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றியது அக்கட்டுரை. வண்டி நல்லதா, பழுதானதா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு விலையையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் சொந்தக்காரர் இசையமாட்டார். சந்தையை விட்டு விலகுவார். எஞ்சி நிற்பவற்றுட் பழுதானவை மிகும். அதை அறிந்து விலை மேலும் இறங்கும். இந்தக் கட்டுரையை மூன்று சஞ்சிகைகள் வெளியிட மறுத்தன. பின்னர் 2001 இல் அகலொவ் வேறிருவரோடு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

மென்பொருளும் பழைய மோட்டார் வண்டியைப் போன்றதே. திரையிலே பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறது. உள்ளே எழுதப்பட்ட நிரல் ஒழுங்கானதா, ஆறு மாதத்தின் பின் ஆயிரம் பேர் ஒரே வேளையில் வந்தால் தாங்குமா, கள்வர் நுழையக்கூடிய ஓட்டை உண்டா என்பவை பூக்கடைக்காரரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவது விலை ஒன்றே. எனவே விலையைக் கொண்டே அவர் தெரிவு செய்கிறார். சந்தை நிறுவனங்கள் வாங்குநரின் மதிப்பீட்டை நட்சத்திரங்களாகக் காட்டி இக்குறையை நீக்க முயன்றன. ஆனால் கடுமையாக மதிப்பிட மனிதர் கூச்சப்படுவதனால், காலப்போக்கிலே பெரும்பாலோர் ஐந்து நட்சத்திரங்களுடன் விளங்குகின்றனர். யாவரும் முதற்பிரிவிற் சித்தியடைந்த பரீட்சையிலே எவர் கெட்டிக்காரர் என்று எப்படி அறிவது?

முழு வேலைக்கும் ஒரே தொகை பேசும் கொந்தராத்திலே இன்னொரு கண்ணியும் உண்டு. 1971 இல் மூன்று பெற்றோலியப் பொறியியலாளர்கள், மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த கம்பனிகள் ஏன் எதிர்பார்த்த இலாபம் காணவில்லை என ஆராய்ந்தனர். நிலத்தடியில் உள்ள எண்ணெயை எல்லாரும் ஊகித்தே விலை கூறுகின்றனர். ஏலத்தில் வெல்பவர் எவர் எனில், மிக அதிகமாக ஊகித்துத் தவறியவரே என்பது அவர்கள் கண்ட உண்மை. வென்றவரின் சாபம் என்று இதற்குப் பெயர் வழங்குகிறது. மென்பொருட் சந்தையில் இச்சாபம் தலைகீழாக வேலை செய்கிறது. 30 பேர் விலைமனு அனுப்பினால் மிகக் குறைந்த தொகை கூறியவருக்கு வேலை கிடைக்கும். அவர் திறமையாற் குறைத்தவராக இருக்கலாம். வேலையின் அளவை மிகக் குறைவாக மதிப்பிட்டவராகவும் இருக்கலாம். பின்னதே பெரும்பாலும் நிகழ்கிறது.

குறைவாக மதிப்பிடுவது இத்தொழிலின் பிறவிக் குணம். ஐ.பி.எம். கம்பனியிற் பெருங் கணினித் திட்டமொன்றை நடத்திய பிரெட் புறூக்ஸ் என்பவர் 1975 இல் எழுதிய நூலிலே தம் அனுபவ விதியொன்றைத் தந்திருக்கிறார். ஒரு வேலையின் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுவதற்கு. ஆறில் ஒரு பங்கு நிரல் எழுதுவதற்கு. எஞ்சிய பாதி சோதித்துப் பார்த்துப் பிழை திருத்துவதற்கு. விலைமனு எழுதும் இளைஞர் மனத்தில் நிற்பது நிரல் எழுதும் அந்த ஆறில் ஒரு பங்கு மாத்திரமே. மற்றை ஐந்து பங்கும் பின்னர் இரவிலே வந்து கதவைத் தட்டும்.

ஆயினும் தெரிந்தே தாழ்ந்த விலை கூறுவோரும் உளர். அவர்களை அறிவிலிகள் எனத் தள்ளிவிடலாகாது. முன்பு வேலை செய்த அத்தாட்சி இல்லாதவருக்கு வேலை கிடைப்பதில்லை. வேலை கிடைக்காதவருக்கு அத்தாட்சியும் கிடைப்பதில்லை. அமந்தா பலே என்னும் பொருளியலாளர் ஓடெஸ்க் சந்தையிலே இதனைச் சோதித்து, 2014 இல் முடிவுகளை வெளியிட்டார். தரவுகளைப் பதியும் எளிய வேலைக்கு மனுச் செய்தவர்களுள் 952 பேரைத் திருவுளச் சீட்டுப் போலத் தெரிந்தெடுத்து அவர் வேலை கொடுத்தார். வேலை முடிந்தபின் யாவரும் காணக்கூடிய மதிப்பீட்டையும் எழுதினார். அனுபவமற்ற புதியவருள் இவ்வாறு வேலை பெற்றோருக்கு, பெறாதோரைக் காட்டிலும், பின்னர் வேலையும் வருவாயும் கூடின. ஒரு சிறு வேலையும் அதைப் பற்றிய சில வரிகளுமே அந்த வேறுபாட்டுக்குப் போதுமாயிருந்தன. ஆகவே முதல் இரண்டு மூன்று வேலைகளைக் குறைந்த விலைக்கு ஏற்பது பயிற்சிக் கட்டணம் செலுத்துவது போன்றதாகும். அது எங்கே முடிகிறது என்பதைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளாதவர் பல ஆண்டுகள் அக்கட்டணத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பர்.

இலங்கையிலிருந்து இத்தொழில் செய்வோருக்கு நாணய மாற்றும் கண்ணை மறைத்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. விலையை ஒரு சதமேனும் உயர்த்தாமல் வருவாய் பெருகியதாகத் தோன்றிற்று. மணிக்கு 5 டொலர் என்பது 1800 ரூபா என்று கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் மடிக்கணினியும் அதன் உறுப்புகளும் டொலரிலேயே வந்திறங்குவன. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பேசிய நேரத்தில் வேலையைக் கொடுக்க முடியாமல் நன்மதிப்பை இழந்தோர் உண்டு. பின்னர் 2024 இன் இறுதியில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்தது. அதே வேலைக்கு, அதே வாங்குநரிடம், ரூபாக் கணக்கிற் கூலி குறைந்தது. விலையை உயர்த்திக் கேட்க வேண்டிய இரண்டு ஆண்டுகளும் அந்தப் பெருக்கத்தின் மயக்கத்திலே கழிந்துவிட்டன. 2025 ஏப்ரல் முதல், முன்னர் விலக்களிக்கப்பட்டிருந்த இத்தகைய அந்நிய வருவாய்க்கும், வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு உச்சமாக நூற்றுக்கு 15 வீதத்தில், வரி விதிக்கப்பட்டது. மேலே தந்த உத்தேசக் கணக்கில் அது சேர்க்கப்படவில்லை.

சட்டத்தினால் ஒரு தாழ்ந்த எல்லையை வகுத்தல் ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைக் கட்டளைச் சட்டத்தினால் அந்த ஏற்பாடு இங்கே வந்தது. ஆனால் வாங்குபவர் ஒரு நாட்டிலும், செய்பவர் இன்னொரு நாட்டிலும், சந்தைக்காரர் மூன்றாவது நாட்டிலும் இருக்கும்போது எந்த நாட்டுச் சம்பளச் சபை கூடுவது? சந்தை நிறுவனமே எல்லை வகுத்ததும் உண்டு. ஓடெஸ்க் 2014 இல் மணிக்கூலி 3 டொலருக்குக் குறையலாகாது என விதித்தது. இத்தகைய எல்லையின் பயனை ஜோன் ஹோர்ட்டன் என்னும் பொருளியலாளர் இணையச் சந்தையொன்றிலே பரிசோதித்திருக்கிறார். சில விளம்பரங்களுக்கு எல்லையே இல்லை. சிலவற்றுக்கு 2 டொலர், சிலவற்றுக்கு 3, சிலவற்றுக்கு 4. எல்லை வகுத்த இடத்தில் வேலை பெற்றோரின் கூலி உயர்ந்தது. அதனோடு வேலை செய்விக்கப்பட்ட மணிகள் குறைந்தன. வாங்குநர்கள் கூடிய திறனும் அனுபவமும் உள்ளோரையே நாடினர். பலேயின் பரிசோதனையையும் இதையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் புலப்படும். எல்லை காப்பாற்றுவது உள்ளே நுழைந்தவரை. வாசலில் நிற்கும் புதியவருக்கு அது இன்னொரு படி உயரம்.

கூடி நின்று விலை கேட்கலாமே என்றால், அங்கும் தடை. ஊழியர் சங்கம் அமைத்துக் கூலி கோரினால் அது தொழிற்சங்க உரிமை. சுயாதீனத் தொழிலாளர் கூடித் தம் விலையை நிர்ணயித்தால், வியாபாரிகள் கூடி விலையை உயர்த்துவதற்குச் சமமாகச் சட்டம் அதைக் கருதிவந்தது. ஒல்லாந்து தேசத்து வாத்தியக் குழுக்களிலே, வராதவருக்குப் பதிலாக வந்து வாசிக்கும் கலைஞர்களின் வழக்கொன்று ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. பெயரளவிற் சுயாதீனராயிருந்து உண்மையில் ஊழியர் போலவே நடத்தப்படுவோர் கூட்டாக ஒப்பந்தம் பேசலாம். உண்மையான சுயாதீனருக்கு அந்த விலக்கு இல்லை என 2014 இல் தீர்ப்பாயிற்று. 2022 செப்டெம்பரிலே ஐரோப்பிய ஆணைக்குழு வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டு, தனித்துத் தொழில் செய்வோர் பலர் கூட்டாகப் பேசுவதற்கு இடமளித்தது. பிடில் வாசிப்பவருக்காகத் திறக்கத் தொடங்கிய கதவினூடே நிரல் எழுதுபவரும் நுழைய முடிகிறது. இக்குறிப்புகளின் பயன் ஐரோப்பாவினுள்ளேதான்.

பெயரளவிற் சுயாதீனர் என்ற வகை மென்பொருள் உலகிலேயே பெரிய வழக்கொன்றை உண்டாக்கியது. அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனி, ஊழியரோடு ஒரே கட்டடத்தில் ஒரே வேலையைச் செய்த பலரைச் சுயாதீன ஒப்பந்தக்காரர் என வைத்திருந்தது. அவர்கள் சட்டப்படி ஊழியரே என வரித் திணைக்களம் கண்டது. 1992 இல் அவர்களுட் சிலர் ஊழியருக்குரிய சலுகைகளைக் கோரி வழக்குத் தொடுத்தனர். எட்டு ஆண்டுகளின் பின், 2000 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 9 கோடி 70 இலட்சம் டொலர் கொடுப்பதாகக் கம்பனி இணங்கி வழக்கை முடித்தது. மலிவான கூலி எனத் தோன்றியதில் எவ்வளவு தொகை ஒளிந்திருந்தது என்பதற்கு இது நல்ல அளவுகோல். நியூயோர்க் நகரம் 2017 இல் நடைமுறைப்படுத்திய சட்டமும் குறிப்பிடத்தக்கது. 800 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியான சுயாதீன வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். நாள் குறிக்காவிடின் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்துதல் வேண்டும். விலை எவ்வளவு என்பதில் அச்சட்டம் தலையிடுவதில்லை. பேசிய விலை கையிற் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அருமையான திறன் உள்ளோருக்காவது நல்ல விலை உறுதியா? பெரும்பாலும் ஆம் எனலாம்; ஆயினும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1959 இல் வகுக்கப்பட்ட கோபோல் என்னும் பழைய கணினி மொழியிலே அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் அரசாங்கக் கணினிகள் இயங்கி வந்தன. 2020 ஏப்ரலில், தொற்றுநோயினால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தோர் உதவ வேண்டும் எனப் பகிரங்கமாகக் கேட்டார். அவர் அழைத்தது தொண்டர்களை. கூலியைப் பற்றிய பேச்சு அந்த அழைப்பில் இருக்கவில்லை. 2022 நவம்பரில் சற்ஜிபிடி என்னும் இயந்திர உரையாடி வெளிவந்த பின்னரோ, எளிய நிரல்களை இயந்திரமே எழுதித் தருகிறது. சந்தையின் அடிப்படியில் நின்ற சிறு வேலைகள் குறைந்துவருகின்றன. புதியவர் கால் வைத்து ஏறிய படியும் அவைதாம்.

இவற்றையெல்லாம் கடந்து நியாயமான கூலி பெறுவோர் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுடைய வழக்கங்களிலே இரண்டைச் சொல்லலாம். எல்லாம் செய்வேன் என்று சந்தியில் நிற்பதை அவர்கள் விரைவிலே விட்டுவிடுகின்றனர். கடைகளின் பணக் கொடுப்பனவு, வைத்தியசாலைகளின் பதிவேடு என்று குறுகிய ஒரு துறையைத் தமதாக்கிக்கொள்கின்றனர். அத்துறையிலே வாங்குபவருக்கும் ஓரளவு விஷயம் தெரிந்திருக்கும். தரத்தைப் பிரித்தறிந்து விலை கொடுக்கவும் முடியும். இரண்டாவது, தொடங்குமுன் ஒரு பக்கக் கடிதம் எழுதுகின்றனர். செய்யப்படுவது இன்னது, செய்யப்படாதது இன்னது, வேலை பாதியான போது செலுத்த வேண்டிய தொகை இன்னது, கடிதத்திற்குப் புறம்பாகக் கேட்கப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணிக்கு இன்ன விலை என்பவை அதில் இருக்கும். அத்திவாரம் ஆழமாகுமானால் அந்தச் செலவு எவருடையது என்பதை மண்ணைத் தொடுமுன்னே பேசிவிடுவது போன்றது இது. முதல் வேலை நன்றாக முடிந்து அதே வாங்குநர் மீண்டும் வரும்போது அவர்கள் விலையை உயர்த்துகின்றனர். புதியவர் ஒருவரைத் தேடி, வேலையை முதலிலிருந்து விளக்கி, அவருடைய பிழைகளையும் பொறுத்துக் காத்திருப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்பது அதற்குள் வாங்குநருக்கும் தெரிந்திருக்கும்.